கோமுக்கில் தாயின் தரிசனம்

இமயமலையில் பனியாற்றின் அடியிலிருந்து கங்கை வெளிவரும் இடம்தான் கோமுக். கங்கோத்ரியிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர். வண்டி போகாது, நடைதான். நாளொன்றுக்கு 150 பேருக்குத்தான் அனுமதிச் சீட்டு. எங்கள் சேலம் குழுவில் பெரும்பாலோர் கங்கோத்ரி கோயிலோடு நின்றுவிட்டார்கள்; அதுவே 3,100 மீட்டர் உயரம், மூச்சு வாங்குகிறது. தெம்பிருந்த சிலர் மட்டும் வழியில் போஜ்பாசாவில் இரவு தங்கி, விடிந்ததும் கிளம்பினோம்.

மெல்ல நகரும் பனிப்பாளமான கங்கோத்ரி பனியாறு சுமார் 30 கிலோமீட்டர் நீளம். மலையிலிருந்து உருண்ட கல்லும் மண்ணும் மூடி, மேலே பழுப்பாகக் கிடக்கிறது. முகப்பில் மட்டும் பனி உடைந்து செங்குத்துச் சுவராக நிற்கிறது. அந்த உடைப்பில் நீலம்! காலங்காலமாக விழுந்த பனி தன் எடையாலேயே அழுந்தி இறுகிவிடுவதால், வெளிச்சத்தின் சிவப்பை உறிஞ்சிக்கொண்டு நீலத்தை வெளியே விடுகிறது. காரணம் தெரிந்தும் எனக்கு நீலகண்டன்தான் நினைவுக்கு வந்தான்.

அடியில் ஒரு குகை. அதற்குள்ளிருந்து பாகீரதி சாம்பல் நிறத்தில் சீறி வருகிறாள். பனியாறு நகரும்போது அரைபட்ட பாறையின் மாவுதான் அந்த நிறம். தேவப்பிரயாகையில் அலக்நந்தாவோடு சேர்ந்த பிறகுதான் இவளுக்குக் கங்கை என்று பெயர். பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகர் அந்தத் தேவப்பிரயாகைதான். வரும் வழியில் அங்கே ரகுநாதரைச் சேவித்திருந்தோம்.

ஏற்காட்டுப் பக்கத்து அக்கா ஒருவர் குகையைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "நம்ம சேர்வராயன் கோயிலாட்டமே இருக்குதுங்க." 5,326 அடி உயரத்தில், குனிந்து நுழைகிற அந்தக் குகைக்குள்தான் சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள். குகை உள்ளே போய்க் காவிரியைத் தொடுகிறது என்பது மலைமக்களின் நம்பிக்கை. மலைக்குள்ளிருந்து வரும் ஆற்றைத் தாயாகக் கும்பிட அக்காவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் காவிரி மழையை நம்பியவள். மழை பொய்த்தால் மேட்டூர் அணை வற்றிவிடும். இங்கே கோடை வெயில் ஏற ஏறத்தான் பனி உருகித் தண்ணீர் பெருகுகிறது. எத்தனை பெரிய கருணை!

தொட்டுக் கும்பிட அக்காவுக்கு ஆசை. ஆனால் சுவரிலிருந்து பனிக்கட்டிகள் திடீரென்று பெயர்ந்து விழும் என்று வழிகாட்டி தடுத்துவிட்டார். "கருவறைக்குள்ள நாம போறதில்லையே, இங்கிருந்தே கும்பிடுங்கக்கா" என்றேன். நின்ற இடத்திலேயே விழுந்து வணங்கினார். அப்புறம் தள்ளி, ஆறு அடங்கி ஓடும் ஓரத்தில் சொம்பில் தீர்த்தம் எடுத்துக்கொண்டோம்.

திரும்பும்போது ஒரு பாறையைக் காட்டி, தன் சிறுவயதில் பனி இதுவரை இருந்தது என்றார் வழிகாட்டி. அங்கிருந்து பார்த்தால் முகப்பு எங்கோ இருந்தது. நிலவியலாளர் ஆடன் 1935-இல் இந்த முகப்பை அளந்தார். அதன்பின் சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 20 மீட்டர் பின்வாங்கியிருக்கிறது. பூமி சூடாவதால் உருகுகிறது. இந்த நிலையில், கும்பிட வந்தவர்களே பழந்துணியை ஆற்றில் விடுவதையும் பிளாஸ்டிக் புட்டியைக் கரையில் எறிவதையும் பார்க்கப் பொறுக்கவில்லை. எங்கள் குப்பையை எங்கள் பையிலேயே கீழே கொண்டுவந்தோம்.

போக நினைப்பவர்களுக்கு: கோயில் அட்சய திருதியையில் திறந்து தீபாவளியை ஒட்டி நடை சாத்துகிறது. மழை மாதங்களைத் தவிருங்கள், வழியில் மலை சரியும். கங்கோத்ரியில் ஒருநாள் தங்கி உடம்பைப் பழக்கிக்கொண்டு நடங்கள்.