அம்மாவின் டி.சி.க்காக நான்கு நடை

தங்கை அயர்லாந்தில், கார்க் நகரில் நர்ஸாக இருக்கிறாள். அம்மாவை அழைத்துக்கொள்ள வேண்டும் என்று பாஸ்போர்ட்டுக்குக் கிளம்பினோம். அம்மா 1956இல் வீட்டிலேயே பிறந்தவர், பிறப்புச் சான்றிதழ் கிடையாது. பள்ளி டி.சி. இருந்தால் போதும் என்றார்கள். அதுவோ 2015 வெள்ளத்தில் பீரோவோடு நனைந்து கூழாகிவிட்டது.

அம்மா படித்தது சென்னையில் பிரசன்டேஷன் என்ற கத்தோலிக்கக் கன்னியர் சபை நடத்தும் பழைய பள்ளிகளில் ஒன்றில். முதல் நடையே வீண். நான் போனது நவம்பர் 21, மரியன்னை காணிக்கை விழா. அந்தச் சபைக்கே அதுதான் பெருநாள். வாட்ச்மேன் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். கன்னியர் பள்ளிக்குப் போகிறவர்கள் அரசு விடுமுறைப் பட்டியலை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள்.

இரண்டாவது முறை, தொலைந்ததற்குப் போலீஸ் அறிக்கை வேண்டும் என்றார்கள். ஸ்டேஷனில் இரண்டு மணி நேரம் உட்காரவைத்துவிட்டு, "இதெல்லாம் இப்ப ஆன்லைன்லதான் சார்" என்றார் ஒருவர். வந்ததும் சொல்லியிருக்கலாம். தமிழ்நாடு காவல்துறைத் தளத்தில் பத்து நிமிட வேலை அது. இதற்கு நடுவில் ஒரு ஏஜென்ட், "அந்தக் காலத்து ரெஜிஸ்டரெல்லாம் இருக்காது, மூவாயிரம் கொடுங்க, அஃபிடவிட் போட்டுடலாம்" என்றார். கொடுக்காமல் தப்பித்தேன். நீங்களும் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது நடைதான் ரொம்ப வலித்தது. 1962ஆம் வருடப் பதிவேட்டை இரண்டு முறை புரட்டிவிட்டு, "இந்தப் பேரே இல்லை" என்றார் அலுவலர். வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா கேட்டார்: "இனிஷியல் என்ன போட்டே?" அப்பாவின் இனிஷியலைப் போட்டிருந்தேன். பள்ளியில் சேரும்போது அம்மாவுக்குத் தாத்தாவின் இனிஷியல்தானே! அம்மாக்களின் சான்றிதழுக்கு அலைகிறவர்கள் இதை முதலில் சரிபாருங்கள்.

நான்காவது முறை ஐந்தே நிமிடத்தில் கிடைத்தது. சிவப்புத் துணி அட்டை, ஓரமெல்லாம் பூச்சி அரித்த பெரிய ரெஜிஸ்டர். பெயர், பிறந்த தேதி, தகப்பனார் தொழில்: ஹார்பர் கூலி. கடைசிக் கட்டத்தில் நீல மையில் 'ஃப்ரீ' என்று ஒரு சொல். தாத்தா ஃபீஸ் கட்டியதே இல்லை என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

தலைமையாசிரியை சிஸ்டரின் அறைச் சுவரில், கையில் விளக்கோடு நேனோ நேகிள் படம். கத்தோலிக்கர் பள்ளி நடத்தவே சட்டம் தடுத்த காலத்தில், கார்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கு ரகசியமாகப் பள்ளி நடத்தியவர். இருட்டில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நோயாளிகளைப் பார்க்கப் போவாராம். 1775இல் அவர் தொடங்கிய சபையின் கன்னியர்தான் 1842இல் கப்பலேறி மதராஸ் வந்து, ஜார்ஜ் டவுனில் பள்ளி ஆரம்பித்தார்கள். சிஸ்டர் அந்தப் பக்கத்தைத் தானே ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு டூப்ளிகேட் டி.சி.யில் கையெழுத்துப் போட்டார்.

'ஃப்ரீ' பற்றி அம்மாவிடம் சொன்னேன். அவருக்கும் தெரிந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஃபீஸ் கட்டாதவங்க எழுந்து நில்லுங்கன்னு எங்க கிளாஸ்ல யாருமே சொன்னதில்லடா" என்றார்.

டி.சி.யை மூன்று ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் பாஸ்போர்ட் அப்பாயின்ட்மென்ட். கார்க் போனதும் முதலில் நேனோ நேகிள் கல்லறைக்குத்தான் கூட்டிப்போக வேண்டும் என்று தங்கையிடம் அம்மா இப்போதே சொல்லிவிட்டார்.