செட்டிநாட்டு வீட்டில் குளியல் தொட்டிக் குழாய் ஒழுகினால்

எங்கே ஒழுகுகிறது என்று முதலில் பாருங்கள். இறுக மூடியும் வாயில் சொட்டினால் வாஷர், அல்லது அது உட்காரும் சீட். திறந்திருக்கும்போது கைப்பிடிக்கு அடியில் ஊறினால் கிளாண்டு, அதாவது கைப்பிடித் தண்டைச் சுற்றியுள்ள அடைப்பு. சுவரோரம் கசிந்தால் மரை. ஷவர் ஓடும்போது தொட்டிக்குள்ளும் தண்ணீர் விழுந்தால், தண்ணீரை ஷவருக்குத் திருப்பும் டைவர்ட்டர். சுடுதண்ணீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து வரும் மிக்ஸர் குழாய் சொட்டினால், கீசருக்குள் போகும் வால்வை மூடிச் சற்றுப் பொறுங்கள். சொட்டு நின்றால் கோளாறு சுடுதண்ணீர்ப் பக்கம்.

காரைக்குடியில் சம்பை ஊற்றுத் தண்ணீருக்கு நல்ல பேர் உண்டு. ஆனால் உங்கள் வீட்டுக் குழாயில் வருவது போர் தண்ணீராக இருக்கலாம். அந்தத் தண்ணீரில் உப்பு இருந்தால், வாஷர் மட்டும் மாற்றி வேலை முடியாது. பித்தளை சீட்டின் மேல் உப்பு ஏறியிருந்தால் புது வாஷரும் கொஞ்ச நாளில் வெட்டுப்படும்.

மேல்தொட்டியின் கேட் வால்வை மூடிக் குழாயைத் திறந்து விட்டு, மிச்சத் தண்ணீரை வடிய விடுங்கள். பழைய கேட் வால்வுகள் முழுசாக மூடாது. அப்படியிருந்தால் மேல்தொட்டியைக் காலி செய்துவிட்டே தொடங்க வேண்டும். வடிகால் வாயில் ஒரு துணியைத் திணியுங்கள். சின்ன ஸ்க்ரூ உள்ளே போனால் திரும்பாது.

கைப்பிடி மூடியை நெம்பி, ஸ்க்ரூவைக் கழற்றிக் கைப்பிடியை எடுங்கள். ஸ்பிண்டிலை (கைப்பிடி மாட்டியிருந்த தண்டை) மூடிய நிலையில் கழற்றாதீர்கள், பாதி திறந்து வைத்துக்கொண்டு திருகுங்கள். இல்லாவிட்டால் வாஷர் சீட்டில் அழுந்தி மரை கெடும்.

இங்கேதான் கவனம் வேண்டும். பழைய வீட்டின் சுண்ணாம்புக் காரைச் சுவரில் குழாயை ஒற்றை ஸ்பேனரால் முறுக்கினால், உள்ளே இருக்கும் எல்போவும் (வளைவு இணைப்பும்) சேர்ந்து திரும்பும். கசிவு சுவருக்குள் போய்விடும், காரை ஊதிக் கொட்டும். குழாயின் உடலை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் திருகுங்கள்.

வெளியே வந்த வாஷரைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். அரை இஞ்ச் என்று சொன்னால் போதாது, கனமும் நடு ஓட்டையும் ஒத்துப்போக வேண்டும். சீட்டை விரலால் தடவிப் பாருங்கள். உப்பு மட்டும்தான் என்றால் சுரண்டிவிடலாம். பள்ளம் விழுந்திருந்தால் சீட்டைக் கடைந்து சமமாக்க வேண்டும், இல்லையேல் குழாயையே மாற்ற வேண்டும்.

கால்வாசித் திருப்பில் மூடும் குழாயில் வாஷர் கிடையாது, செராமிக் கார்ட்ரிட்ஜ் இருக்கும். அதைத் தூக்கிப் போடுமுன் வினிகரில் அரை மணி நேரம் ஊற வைத்துக் கழுவிப் பாருங்கள். சில சமயம் உப்பும் மணல்துகளும்தான் காரணம். அடியிலுள்ள ரப்பர் வளையம் நைந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். புதுக் கார்ட்ரிட்ஜ் வாங்கும்போது உயரத்தையும் தலையிலுள்ள பற்களையும் ஒப்பிடுங்கள். கிண்ணத்தில் ஊற வைப்பதே சரி. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் சிமெண்டால் ஆனது. ஆசிட்டோ வினிகரோ சிந்தினால் அதன் மேற்பரப்பை அரித்துவிடும்.

சுவர் மரை கசிந்தால் பழைய டேப்பை முழுக்கச் சுரண்டிவிட்டு, டெஃப்லான் டேப்பை மரை முறுக்கும் திசையிலேயே 8 முதல் 10 சுற்று இறுக்கிச் சுற்றுங்கள். நேராக வைக்க வேண்டுமென்று முறுக்கியதைப் பின்னால் திருப்பாதீர்கள், டேப் அறுந்துவிடும்.

எல்லாம் மாட்டியபின் குழாய் வாயிலுள்ள வலையைக் கழற்றி வைத்துவிட்டு, கேட் வால்வை மெல்லத் திறந்து துருத் தண்ணீர் தெளியும் வரை ஓட விடுங்கள். பிறகு குழாயை மூடி, சுவரோரம் ஒரு செய்தித்தாள் துண்டை இரவு முழுக்க ஒட்டி வையுங்கள். ஈரம் பட்டிருந்தால் மரையைத் திரும்பக் கழற்றிச் சுற்ற வேண்டியதுதான்.