அத்தையும் அறுந்த டிஎன்ஏவும்

மாம்பழ சீசனில் ஊருக்குப் போனால் காவேரிப்பட்டணத்து அத்தை தவறாமல் கேட்பார்: "பன்னெண்டு வருஷமா அந்த லேப்ல என்னதான் கண்ணு பண்றே?"

இந்த முறை ஒழுங்காகச் சொல்லிவிட முடிவு செய்தேன். நம் ஒவ்வொரு செல்லிலும் தினமும் ஆயிரக்கணக்கான இடங்களில் டிஎன்ஏ சேதமாகிறது. வெயிலும் புகையும்கூட வேண்டாம், உடம்பிலுள்ள தண்ணீரே போதும். செல் அதை எப்படிப் பழுதுபார்க்கிறது என்று விளக்கியதற்குத்தான் லிண்டால், மோட்ரிச், சான்ஜார் மூவருக்கும் 2015-இல் வேதியியல் நோபல்.

நான் பார்ப்பது டிஎன்ஏவின் இரண்டு இழையும் அறுந்துபோகும் இடம். பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 மரபணுக்கள் கெட்டால் அந்த அறுப்பு பிழையில்லாமல் சேராது. மார்பக, சினைப்பைப் புற்றுநோய்க்கான வாய்ப்பு கூடும். ஆனால் அந்தப் பலவீனமே மருந்துக்கும் வழி. மிச்சமிருக்கும் இன்னொரு பழுதுபார்ப்பு வழியை ஓலாபாரிப் என்ற மருந்து கெடுத்துவிட்டால் புற்றுசெல் தாங்காது. 2005-இல் ஆய்வகத்தில் காட்டிய யோசனை, 2014-இல் மருந்தாக அனுமதி பெற்றது. எங்கள் தொழிலில் இது அசுர வேகம். நானோ பூஞ்சை பிடித்த செல்களைக் கொட்டியே ஒரு வருஷத்தைத் தொலைத்தவன்.

செந்தூராவை நறுக்கிக்கொண்டே அத்தை, "சரி, மாங்கன்னுக்கு ஒட்டு கட்டற மாதிரிதான?" என்றார்.

"முனையோட முனைய ஒட்டறது வேற வழி அத்தை, அதுல டிஎன்ஏ எழுத்து விட்டுப்போகும்..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் தட்டை நீட்டிவிட்டார்.