18 தலைப்புகள், ஒரு ஸ்வெட்டர்

அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளோடு வேலை பார்க்கிறவர்களுக்கு எம்.டி.பி.எஸ். படிவம் நன்கு பழக்கம். மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம் என்பது முழுப்பெயர். உடம்பின் பெரிய அசைவுகள், விரல் வேலை, சாப்பிடுவது, உடுத்துவது, கழிப்பறை, சொன்னதைப் புரிந்துகொள்வது, பேசுவது, எண், நேரம், பணம் என்று 18 தலைப்புகள். தலைப்புக்கு 20 வீதம் மொத்தம் 360 திறன்கள். குழந்தை இப்போது எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிந்துகொள்ள அருமையான படிவம். அந்தத் தலைப்புகளையே கால அட்டவணையாக மாற்றும்போதுதான் கோளாறு தொடங்குகிறது. 10 மணிக்கு எண், 11 மணிக்கு விரல் வேலை, 2 மணிக்கு உடுத்தும் பயிற்சி. வெயில் அடிக்கும் மதியத்தில் ஸ்வெட்டரைப் போடு, கழற்று, மறுபடி போடு என்றால் குழந்தைக்கு அதில் என்ன அர்த்தம் இருக்கும்?

நீலகிரியில் ஸ்வெட்டருக்குத் தனியாகப் பயிற்சி நேரம் வேண்டியதே இல்லை. டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் புல்வெளியில் உறைபனி கிடக்கும். பள்ளி வண்டியிலிருந்து இறங்கும் பிள்ளை ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டுதான் வரும். வெயில் ஏறினால் கழற்ற வேண்டும். சாயங்காலம் மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கினால் மறுபடி போட வேண்டும். வேளையை உடம்பே சொல்லிவிடுகிறது. உடம்பு, மனம், அறிவு எல்லாவற்றையும் சேர்த்து வளர்க்கும் 'முழுக் குழந்தைக்கான கல்வி' என்றதும் பாட்டு, யோகா, தோட்டம் என்று வகுப்புகளைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். எங்களைக் கேட்டால், ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒரு வேலையைப் பிடித்து, அதற்குள் எத்தனை தலைப்புகள் இருக்கின்றன என்று பார்ப்பதுதான் அதற்கு வழி.

கழற்றுவது எளிது, அதனால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். போடுவதைக் கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஸ்வெட்டரின் முன்பக்கம் மேஜையில் படும்படி, கீழ் விளிம்பு குழந்தையைப் பார்த்திருக்கும்படி விரிப்பது முதல் படி. இரண்டு கையையும் உள்ளே விட்டு முழங்கை வரை ஏற்றுவது, தலையை நுழைப்பது, கழுத்துக்குக் கொண்டுவருவது, கீழ் விளிம்பை இடுப்பு வரை இழுத்துவிடுவது என்று மற்றவை. முதல் நான்கையும் ஆசிரியர் செய்துவிட்டு, கடைசி இழுப்பை மட்டும் குழந்தைக்கு விட வேண்டும். வேலையை முடித்த கை தன்னுடையது என்பது அந்தக் குழந்தைக்குப் புரியும். அது நிலைத்தபின் அதற்கு முந்தைய படிக்கு வரலாம். குழந்தையின் பயிற்சித் திட்டத்தில் 'உடுத்தக் கற்றுக்கொள்வான்' என்று எழுதினால் யாரும் அளக்க முடியாது. 'கீழ் விளிம்பைத் தானே இடுப்பு வரை இழுத்துவிடுவான், 5 நாளில் 4 நாள்' என்று எழுதினால் ஆயாவும் குறித்து வைப்பார்.

எங்கே தவறுகிறது? ஆசிரியர் எதிரில் நின்று இழுத்துவிடுவதில்தான் முதல் தவறு. குழந்தை பொம்மை மாதிரி நின்றுவிடும். பின்னால் நின்று, குழந்தையின் கைமேல் கை வைத்துச் செய்தால் இரண்டு பேர் கையும் ஒரே திசையில் போகும். அடுத்தது, ஓயாத பேச்சு. 'கையை விடு, விடு, இன்னும் விடு' என்று சொல்லிக்கொண்டே இருந்தால் அந்தக் குரல் இல்லாமல் குழந்தை அசையாது. கைமேல் கை வைத்துச் செய்யும் உதவியைக் குறைப்பது சுலபம். குரலை விலக்குவது மிகக் கடினம். ஆகவே குறைவான சொற்கள், அதுவும் வீட்டு மொழியில். கோத்தகிரி பக்கத்துப் படுகர் வீட்டுப் பிள்ளைக்கு வீட்டில் தமிழ் இல்லை. கூடலூர் பக்கம் மலையாளம் பேசும் வீடுகள் உண்டு, பணியர் பழங்குடி வீட்டுப் பிள்ளைகளுக்கு வேறு பேச்சு. 'கை', 'உள்ளே', 'கீழே' ஆகிய மூன்றுக்கும் வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று சேரும் நாளிலேயே கேட்டு எழுதி வைக்க வேண்டும்.

பின்கழுத்தின் உட்புறம் ஒரு பெரிய சிவப்புப் பட்டனைத் தைத்துவிட்டால் முன்பின் குழப்பம் தீரும். ஆட்டிசம் உள்ள குழந்தைக்குக் கம்பளி உறுத்தினால் உள்ளே முழுக்கைப் பருத்திச் சட்டை போட்டு, கழுத்திலுள்ள லேபிளை வெட்டிவிடலாம். நேர்மாறாக, கொளுத்தும் வெயிலிலும் ஸ்வெட்டரைக் கழற்ற மறுக்கும் குழந்தையும் உண்டு. அதைப் பிடிவாதம் என்று சண்டைபோடக் கூடாது. துணியின் அழுத்தம் அந்தக் குழந்தைக்கு அமைதி தருகிறது என்றால், இறுக்கமான பனியன் ஒன்றைக் கொடுத்துவிட்டுத்தான் ஸ்வெட்டரைக் கேட்க வேண்டும்.

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு ஒரே விதி: இறுகிய கை முதலில் உள்ளே, கடைசியில் வெளியே. குளிர் காலையில் தசை இன்னும் இறுகியிருக்கும், வண்டியில் ஒரே நிலையில் உட்கார்ந்து வந்தது வேறு. இறங்கியதும் விரலைப் பிடித்து இழுத்தால் இறுக்கம் கூடும். தோளிலிருந்து தொடங்கி, வெதுவெதுப்பான துணி வைத்து, மெல்ல நீட்டிவிட்ட பிறகே எழுத்துப் பலகையோ படமோ. பிசியோ (உடலியக்கப் பயிற்சியாளர்) வாரம் ஒருநாள் வந்து செய்வதைவிட, தினமும் ஸ்வெட்டர் கழற்றும்போது ஆயா இதைச் சரியாகச் செய்வதால் வரும் பலன் அதிகம். அதனால் பிசியோ முதலில் கற்றுக்கொடுக்க வேண்டியது ஆயாவுக்கு.

இந்த மலையில் எல்லாவற்றுக்கும் குளிரைக் காரணம் காட்டிவிடுவது பெரிய ஆபத்து. டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தை சோம்பிக் கிடக்கிறது, கை சில்லிட்டிருக்கிறது, மலம் இறுகுகிறது, எடை ஏறுகிறது. 'குளிருக்குத்தான்' என்று விட்டுவிடுகிறார்கள். இந்தக் குழந்தைகளுக்குத் தைராய்டு குறைபாடு வரும் வாய்ப்பு அதிகம். ஆண்டுக்கொரு முறை ரத்தப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். காதுக்கருவி போட்ட குழந்தை திடீரென்று திரும்பிப் பார்க்காமல் போனால், கவனக்குறைவு என்று எழுதுவதற்கு முன் கருவியிலிருந்து காதுக்குள் போகும் குழாயைக் கழற்றிப் பார்க்க வேண்டும். மஞ்சு நாட்களில் உள்ளே நீர்த்துளி அடைத்திருக்கும். இரவில் சிலிக்கா ஜெல் போட்ட டப்பியில் வைத்தால் சரியாகிவிடும்.

இருமலும் அப்படித்தான். விழுங்கச் சிரமப்படும் குழந்தை சாப்பிட்டதும் இருமுகிறது, குரல் ஈரமாகக் கரகரக்கிறது, அடிக்கடி நெஞ்சுச் சளி என்றால், உணவு மூச்சுக்குழாய்க்குள் போகிறதா என்று மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஊட்டும்போது இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் செங்கோணத்தில் இருக்க உட்காரவைத்து, பாதத்துக்கு அடியில் பலகை கொடுத்து, தாடையைச் சற்றே தாழ்த்தி, கரண்டியை வாய்க்குக் கீழிருந்து கொண்டுவர வேண்டும். நின்றபடி ஊட்டினால் குழந்தை அண்ணாந்து பார்க்கும், அந்த நிலையில்தான் புரையேறும். ஊட்டியபின் அரை மணி நேரம் படுக்கவிடக் கூடாது. இன்னொன்று, ஊட்டி நகரம் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் ஏறக்குறைய 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் பருப்பு வெந்தது போலிருக்கும், தோல் வேகாது. இந்தக் குழந்தைகளின் சாப்பாடு குக்கரில் வெந்து, மசித்து, கட்டி பார்த்துத்தான் தட்டுக்கு வர வேண்டும்.

வலிப்பு மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. தென்மேற்குப் பருவமழையில் மரம் விழுந்து சாலை அடைபட்டால் மாத்திரை வாங்க ஆள் போக முடியாது. விட்டுப்போன மாத்திரையே வலிப்பை வரவழைக்கும். ஒரு வார மாத்திரை கூடுதலாக வீட்டில் எப்போதும் இருக்க வேண்டும். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் மருத்துவமனை. வாயில் கரண்டி, கையில் இரும்புச் சாவி எதுவும் வேண்டாம்.

தோட்டம் வைக்கும் பள்ளிகள் பெரும்பாலும் கேரட்டில் தொடங்குகின்றன. விதை மிகச் சிறியது, விரலில் நிற்காது. பூண்டு நல்லது. பல் பிரிப்பதே விரல் வேலை, பல்லைக் கையில் பிடிக்க முடியும், கூர்முனை மேலே என்பது பார்த்தாலே தெரியும். சாண் இடைவெளிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றைப் பாத்தியில் இழுத்துக் கட்டினால், முடிச்சுக்கு ஒரு பல் என்று எண் தெரியாத பிள்ளையும் நடும். எடைபோட டிஜிட்டல் தராசைவிடத் தட்டுத் தராசு மேல். அதிகம், குறைவு, சமம் மூன்றையும் கண்ணே படித்துக்கொள்கிறது. கேரட்டைக் கழுவுவதற்குக் கொடுத்தால் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். மரத்துப்போன விரலில் கீறல் விழுந்தாலும் சில குழந்தைகள் காட்டிக்கொள்ள மாட்டார்கள்.

வீட்டுக்கு அனுப்பும் பயிற்சி ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். தேயிலை பறிக்கப் போகிற தாய்க்குக் காலையில் நேரமில்லை; பிள்ளைக்கு ஸ்வெட்டரை மாட்டிவிட்டு ஓடத்தான் முடியும். அதைக் குறைசொல்வது நியாயமில்லை. "அம்மா, நீங்களே போட்டுவிடுங்க, கடைசியா கீழே இழுக்கிறதை மட்டும் அவன் கையில விட்டுருங்க" என்று சொன்னால் அது நடக்கும். ஐந்து பயிற்சி எழுதிக் கொடுத்தால் ஐந்தும் பையிலேயே திரும்பி வரும்.

பெண் குழந்தைகளுக்கு 9, 10 வயதிலேயே மாதவிடாய்க்கான பழக்கத்தைத் தொடங்க வேண்டும். வந்தபின் தொடங்கினால் ரத்தத்தைப் பார்த்த பயமும் கற்றலும் ஒன்றாகச் சிக்கிக்கொள்ளும். சிவப்பு நீர் தொட்ட பேட், உள்ளாடையில் பேட் வைக்கும் இடத்துக்கு வண்ண நூலில் தைத்த கோடு, காகிதத்தில் சுற்றி மூடியுள்ள வாளியில் போடுவது என்று பழக்க வேண்டும். இங்கும் கடைசிப் படியான வாளியில் போடுவதிலிருந்தே தொடக்கம். உள்ளாடை மழைக்காலத்தில் இங்கே இரண்டு மூன்று நாள் காயாது, ஈரத்தோடு போட்டால் தொடை இடுக்கில் படை வரும். ஆகவே ஜூன் பிறக்கும் முன் வீட்டில் எத்தனை உருப்படி இருக்கிறது என்று தாயிடம் கேட்டு, போதாவிட்டால் பள்ளியே நான்கைந்து வாங்கிப் பெயர் தைத்து வைத்துக்கொள்ள வேண்டும்.