தடுப்பூசிகளை ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது

எந்தக் கொரோனா தடுப்பூசி உசத்தி என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: வைரஸின் மேல் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பைக் புரதத்தை யார் செய்வது, நம் செல்லா, ஆலையா? எந்த வடிவத்தில்?

ஸ்பைக், வில் இழுத்துவைத்த எலிப்பொறி மாதிரி. செல்லைத் தொட்டு உள்ளே நுழையும்போது விரிந்து வேறு உருவம் எடுத்துவிடும். விரிந்த பொறியை உடலுக்குக் காட்டினால், உருவாகும் ஆன்டிபாடிகளில் பல, நுழையக் காத்திருக்கும் வைரஸைப் பிடிக்காது. அதனால் புரதச் சங்கிலியின் 986, 987ஆம் இடங்களில் இருக்கும் அமினோ அமிலங்களை எடுத்துவிட்டு, புரோலின் என்ற விறைப்பான அமினோ அமிலத்தை வைத்துப் பொறியைப் பூட்டுகிறார்கள். ஃபைசர், மாடர்னா, ஜான்சன், நோவாவாக்ஸ் நான்கிலும் இந்தப் பூட்டு உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு தடுப்பூசியில் (இந்தியாவில் கோவிஷீல்டு) கிடையாது. புரதத்தின் செய்முறைக் குறிப்பை மட்டும் செல்லுக்குக் கொடுக்கும் எம்-ஆர்என்ஏ முறையின் (ஃபைசர், மாடர்னா) வெற்றியில் பாதிப் புகழ் இந்தப் பூட்டுக்குச் சேர வேண்டும் என்பது என் கருத்து.

முழு வைரஸைக் கொன்று செய்யும் பழைய முறையில் பூட்டுப் போட வழியில்லை. வீரோ எனப்படும் குரங்குச் செல்களில் வளர்த்து, பீட்டா புரோபியோலாக்டோன் என்ற ரசாயனம் சேர்த்துக் கொல்வார்கள். அந்த ரசாயனமே பல ஸ்பைக்குகளை விரியவைத்துவிடும். அதற்காக அளவைக் குறைக்கவும் முடியாது: வைரஸ் கட்டியாகத் திரண்டிருந்தால் உள்ளே இருப்பது உயிரோடு தப்பிவிடும். 1955இல் அமெரிக்காவில் போலியோ தடுப்பூசியில் அப்படித் தப்பிய வைரஸ் குழந்தைகளை முடக்கியது. அன்று கொல்லப் பயன்பட்ட ரசாயனம் ஃபார்மலின். கட்டிகளை நீக்கும் வடிகட்டுதலில் இன்று காட்டப்படும் கண்டிப்புக்கு அந்தத் துயரமும் ஒரு காரணம்.

அடினோ வைரஸ் முறையில், பெருகாத ஒரு சளி வைரஸ் ஸ்பைக்கின் மரபணுவைச் செல்லுக்குள் சுமந்து செல்லும். ஆக்ஸ்ஃபோர்டிலும் ஜான்சனிலும் ஒரு டோஸுக்குச் சுமார் 5,000 கோடி வைரஸ் துகள்கள். சளி வழியாக அந்த அடினோ வைரஸை முன்பே சந்தித்த உடல், தடுப்பூசியையே விரட்டிவிடலாம். ஆக்ஸ்ஃபோர்டு சிம்பன்சி வைரஸைத் தேர்ந்தெடுத்ததும், ரஷ்யாவின் ஸ்புட்னிக்கில் இரண்டு ஊசிக்கும் வெவ்வேறு வைரஸ் வைத்ததும் இதனால்தான். தட்டணு குறைந்து ரத்தம் உறையும் அரிய விளைவும் இந்த வகையில்தான் தெரியவந்தது.

புரதத்தை ஆலையிலேயே செய்வது நிதானமான வழி. நோவாவாக்ஸில் பூச்சி செல்களில் விளைந்த புரதம் 5 மைக்ரோகிராம், எதிர்ப்பைத் தூண்ட மரப்பட்டைச் சாறிலிருந்து எடுத்துச் சேர்க்கும் ஊக்கி 50 மைக்ரோகிராம். தாமதமாகும்; ஆனால் சாதாரண ஃபிரிட்ஜ் போதும்.

வேகத்துக்கு எம்-ஆர்என்ஏதான். மரபணு வரிசை 2020 ஜனவரி 10இல் வெளியானது. மார்ச் 16இல் மாடர்னாவின் முதல் சோதனை ஊசி போடப்பட்டது. சிரமமெல்லாம் கடைசியில் ஊசி போடுபவர் கையில். ஃபைசரின் முதல் வடிவக் குப்பியில் 0.45 மி.லி. உறைந்த மருந்து இருந்தது. உருகியதும் பத்து முறை மெல்லக் கவிழ்க்க வேண்டியிருந்தது. 1.8 மி.லி. உப்புநீரைச் செலுத்தி, அதே அளவு காற்றை வெளியே இழுத்து, மறுபடி பத்து முறை. குலுக்கினால் எம்-ஆர்என்ஏவைச் சுமக்கும் கொழுப்புத் துகள் சிதையும். 0.3 மி.லி. வீதம் ஆறு டோஸ் வந்தது. சிரிஞ்சின் நுனியில் மருந்து தேங்கினால் ஐந்துதான். கலந்த ஆறு மணி நேரத்தில் தீர்ந்தாக வேண்டியிருந்தது.

அலுமினிய ஊக்கி உள்ள தடுப்பூசிக்கோ குளிர்தான் எதிரி. ஒருமுறை உறைந்தால் அலுமினியம் திரண்டுபோகும். உருக்கிக் குலுக்கி வைத்தால் சீக்கிரமே அடியில் படியும். அந்தக் குப்பியைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.