தொண்டை வலிக் காலம்

மழை தொடங்கியதும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வைத்தியம் குவிய ஆரம்பித்துவிட்டது. பெரியவளுக்கு உப்பு நீர் கொப்பளித்தாலே போதும்: ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீருக்குக் கால் முதல் அரை டீஸ்பூன் உப்பு. ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெரும்பாலும் விழுங்கிவிடுவார்கள், அவர்களுக்கு வேண்டாம். சின்னவனுக்கு ராத்திரி மஞ்சள், மிளகு, பனங்கற்கண்டு போட்ட பால். மிளகை வடிகட்டாமல் கொடுத்துப் பாருங்கள், வீடே அதிரும்!

தேன் விஷயத்தில் மட்டும் நான் கறார். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு நாக்கில் தடவக்கூடக் கூடாது. "நாங்க எல்லாம் சேனை வச்சு வளர்ந்தவங்கதானே" என்று அத்தை எத்தனை முறை சொன்னாலும் சரி. தேனில் இருக்கக்கூடிய பொட்டுலினம் கிருமியின் வித்துகள் பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். சுடவைத்தாலும் அவை சாவதில்லை. வளர்ந்த பிள்ளைகளின் இருமலுக்கு ஒரு ஸ்பூன் தேன் நன்றாகவே கேட்கும்.

அப்புறம், பெரும்பாலான தொண்டை வலி வைரஸால் வருவது, ஒரு வாரத்தில் அடங்கிவிடும். போன தடவை மிச்சமான ஆன்டிபயாட்டிக் சிரப்பை எடுத்து ஊற்றாதீர்கள். காய்ச்சலோடு கழுத்தில் நெறி கட்டினால், எச்சில் விழுங்க முடியாமல் வழிந்தால், மூச்சு திணறினால் உடனே டாக்டரிடம் போங்கள். தொண்டையைத் தாக்கும் ஸ்ட்ரெப் என்ற பாக்டீரியா கிருமியாக இருந்து கவனிக்காமல் விட்டால், சில பிள்ளைகளுக்கு இதய வால்வு வரை பாதிக்கும்.