ஒரே வீடு, இரண்டு கோப்புகள்: ஃபாஸ்டர் பெற்றோர் கைக்குழந்தையைத் தத்தெடுக்கும்போது

அமெரிக்காவில் ஃபாஸ்டர் லைசென்ஸ் (பெற்றோரோடு இருக்க முடியாத பிள்ளைகளைத் தற்காலிகமாக வீட்டில் வைத்து வளர்க்கும் அனுமதி) வைத்திருப்பவர்கள் தனியார் தத்தெடுப்பு ஏஜென்சிக்குப் போன் போடும்போது பெரும்பாலும் ஒரே நினைப்பில்தான் போடுகிறார்கள்: "அதான் எல்லாச் சோதனையும் முடிஞ்சாச்சே, இனி புதுசா என்ன கேட்கப்போறாங்க?" கேட்பார்கள், எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்பார்கள். ஃபாஸ்டர் லைசென்ஸ் வேறு, தத்தெடுப்புக்கான ஹோம் ஸ்டடி, அதாவது வீட்டையும் குடும்பத்தையும் ஆராய்ந்து எழுதும் அறிக்கை, வேறு. வீடும் ஆட்களும் அதேதான் என்றாலும் கோப்புகள் இரண்டு. அவை தாமாக ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. நடுவில் நின்று பேசவைக்க வேண்டியது நீங்கள்தான். இந்த வழியில் வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல், ஒரு கோப்பில் ஏறிய விஷயம் இன்னொன்றில் ஏறாததால் வருபவை.

விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே இரண்டு பக்கமும் கேட்டுவிடுங்கள். வீட்டில் ஃபாஸ்டர் குழந்தைகள் இருக்கும்போது ஹோம் ஸ்டடிக்கு ஒப்புதல் தருவார்களா, குழந்தையைத் தத்துக் கொடுக்க நினைக்கும் ஒரு தாய் உங்களைத் தேர்ந்தெடுத்துப் பொருத்தம் அமைந்தபின் புது ஃபாஸ்டர் குழந்தையை ஏற்கக் கூடாது என்பார்களா என்று தனியார் ஏஜென்சியிடம் கேளுங்கள். கைக்குழந்தை வந்ததும் லைசென்ஸைச் சில மாதங்கள் நிறுத்திவைப்பார்களா என்று ஃபாஸ்டர் பக்கம் கேளுங்கள். சில இடங்களில் ஆறு மாதம், சில இடங்களில் ஒரு வருஷம் புதுக் குழந்தையே அனுப்ப மாட்டார்கள். பதிலை ஈமெயிலில் வாங்குவது முக்கியம். கேஸ் வொர்க்கர்கள் அடிக்கடி மாறுவார்கள். "அவங்க சரின்னு சொன்னாங்களே" என்பது புதிதாக வந்தவரிடம் எடுபடாது.

அடுத்து எண்ணிக்கைக் கணக்கு. 2018-இல் வந்த ஃபேமிலி ஃபர்ஸ்ட் சட்டப்படி ஒரு வீட்டில் அதிகபட்சம் ஆறு ஃபாஸ்டர் குழந்தைகள். சில விதிவிலக்குகள் உண்டு. மாநில விதிகள் இதைவிட இறுக்கமாக இருக்கலாம். பல மாநிலங்களில் சொந்தக் குழந்தைகளும் மொத்தக் கணக்கில் சேர்வார்கள். இரண்டு வயதுக்குக் கீழே இத்தனை பேர்தான் என்று தனி வரம்பும் இருக்கும். ஏற்கெனவே எட்டு மாதக் குழந்தையும் ஒன்றரை வயதுக் குழந்தையும் வீட்டில் இருந்தால், பிறந்த குழந்தை வரும் நாளிலேயே வரம்பு மீறலாம். இதற்கு விதிவிலக்கு அனுமதி வாங்க முடியும், ஆனால் குழந்தை வருவதற்கு முன்பே வாங்க வேண்டும். வந்தபிறகு கேட்டால் அது விதிமீறல் என்று பதிவாகிவிடும்.

2006-ஆம் ஆண்டின் ஆடம் வால்ஷ் சட்டம் ஃபாஸ்டர், தத்து இரண்டுக்கும் ஒன்றுதான்: எஃப்பிஐ கைரேகைச் சோதனை, கடந்த ஐந்து ஆண்டுகளில் வசித்த ஒவ்வொரு மாநிலத்திலும் குழந்தை வதைப் பதிவேட்டில் தேடுதல். ஆனாலும் ஒரு ஏஜென்சிக்கு வந்த முடிவை இன்னொன்று பொதுவாக ஏற்றுக்கொள்ளாது. கைரேகையை மறுபடி வைக்க வேண்டியிருக்கும். நம்மவர்களுக்குப் பெயரே ஒரு தனித் தலைவலி. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசியில், டிரைவிங் லைசென்ஸில் முதலில், திருமணச் சான்றிதழில் வெறும் இனிஷியல் என்றிருந்தால், எல்லா வடிவங்களையும் 'வேறு பெயர்கள்' கட்டத்தில் முதல் நாளே எழுதிவிடுங்கள். பதிவேட்டுச் சோதனை வீட்டில் வசிக்கும் மற்ற பெரியவர்களுக்கும் உண்டு. ஊரிலிருந்து அம்மா அப்பா ஆறு மாதம் வந்து தங்குவதாக இருந்தால், அவர்கள் அந்தக் கணக்கில் வருவார்களா என்று டிக்கெட் போடும் முன்பே கேளுங்கள்.

ஹோம் ஸ்டடி பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குச் செல்லும். ஆனால் அந்த வருஷத்துக்குள் ஒரு ஃபாஸ்டர் குழந்தை வந்தாலும் போனாலும் குடும்ப அமைப்பே மாறியதாகப் பொருள். அதற்கு இணைப்பு அறிக்கை வேண்டும், பெரும்பாலும் அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு. இன்னொரு ஃபாஸ்டர் வீட்டாருக்கு ஓய்வு தர, வார இறுதிக்கு மட்டும் வரும் மாற்றுப் பராமரிப்புக் குழந்தையை எழுத வேண்டுமா என்பதையும் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றிலும் மோசமாக ஆளைப் பிடித்து நிறுத்துவது புகார். ஃபாஸ்டர் வீடுகளின் மீது புகார் வருவது அபூர்வமில்லை. குழந்தையின் காலில் ஒரு காயம் இருந்தாலே விசாரணை தொடங்கும். விசாரணை திறந்திருக்கும்வரை ஹோம் ஸ்டடி பொதுவாக நகராது. 'ஆதாரமில்லை' என்று முடிந்தாலும் அப்படி முடிந்ததற்கான கடிதம் உங்கள் கையில் இருக்க வேண்டும். நாமே கேட்டு வாங்காவிட்டால் அது வராமலே போகலாம். தினசரிக் குறிப்பேடும், காயம் பட்ட அன்றே அனுப்பிய ஈமெயிலும்தான் அப்போது கைகொடுக்கும்.

குழந்தையைத் தத்துக் கொடுக்க நினைக்கும் தாய்மார்கள் பார்ப்பதற்கான அறிமுகப் புத்தகத்தில் ஃபாஸ்டர் குழந்தையின் முகம், பெயர், அவர்கள் நம்மிடம் வந்த கதை எதுவும் வரக் கூடாது. முகத்தை மறைத்தால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். பின்னணியில் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் கிரேயான் ஓவியத்தின் மூலையில் பெயர் இருக்கும். பள்ளிச் சட்டையில் பள்ளியின் பெயர் இருக்கும். வீடியோ அழைப்புக்கு முன் கேமராவுக்குப் பின்னால் நின்று ஒருமுறை பாருங்கள். அதே சமயம், வீட்டில் ஃபாஸ்டர் குழந்தைகள் இருக்கிறார்கள், இனியும் வருவார்கள் என்பதை அந்தத் தாயிடம் மறைக்கக் கூடாது. அதைக் கேட்டு விலகுகிறவர் விலகட்டும். பிறந்தபின் மருத்துவமனை அறையில் அவர் அதை அறிவது யாருக்கும் நல்லதில்லை.

இனி அந்தப் போன். வேறு மாநிலத்தில் குழந்தை பிறந்துவிட்டது, உடனே கிளம்பி வாருங்கள் என்கிறார்கள். மாநிலங்களுக்கிடையிலான குழந்தை ஒப்பந்தத்தின்படி, ஐசிபிசி என்பார்கள், இரண்டு மாநில அலுவலகங்களும் ஒப்புதல் தரும்வரை குழந்தையோடு அந்த மாநிலத்தை விட்டு வெளியேற முடியாது. ஒன்றிரண்டு வாரம் ஹோட்டல் வாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபாஸ்டர் குழந்தையை மாநிலம் தாண்டி அழைத்துப் போகவோ அனுமதி வேண்டும். அது ஒரே இரவில் கிடைக்காது, அந்த வாரம் அந்தக் குழந்தைக்குத் தன்னைப் பெற்றவர்களுடன் சந்திப்பும் இருக்கலாம். ஆகவே அனுமதி பெற்ற மாற்றுப் பராமரிப்பாளர் ஒருவர் பெயர் முன்கூட்டியே ஒப்புதலோடு இருக்க வேண்டும். அந்தக் குழந்தை அவரை முன்பே நாலு முறையாவது பார்த்திருக்க வேண்டும். இருவரும் கிளம்புவதைவிட ஒருவர் வீட்டில் தங்குவதே மேல் என்பது எங்கள் எண்ணம். பழைய குழந்தையை யாரிடமோ விட்டுவிட்டுப் புதுக் குழந்தையோடு வீடு திரும்பினால், அதிலிருந்து அந்தப் பழைய குழந்தை என்ன புரிந்துகொள்ளும்?

குழந்தையைத் தத்துக் கொடுக்கப் பெற்றவர் தரும் ஒப்புதல் பற்றிய விதிகளில் ஃபாஸ்டர் அனுபவத்தை நம்பி ஏமாற வேண்டாம். ஃபாஸ்டர் பக்கம், கடந்த 22 மாதங்களில் 15 மாதம் குழந்தை பெற்றோரை விட்டு ஃபாஸ்டர் பராமரிப்பில் இருந்தால் பெற்றோர் உரிமையை நீக்க மனு போட வேண்டும் என்று 1997-இன் சட்டம் சொல்கிறது. அதற்கும் விதிவிலக்குகள் உண்டு. எல்லாம் மாதக் கணக்கில்தான் ஓடும். தனியார் வழியில் கணக்கு மணிகளில். டெக்சாஸில் பிறந்து 48 மணி நேரம் கழித்துத்தான் தாய் கையெழுத்திடலாம். பென்சில்வேனியாவில் 72 மணி நேரம். அதன் பிறகும் 30 நாள் வரை பின்வாங்கலாம். 1978-இன் பூர்வகுடிக் குழந்தைகள் நலச் சட்டத்துக்குள் வரும் குழந்தை என்றால், பிறந்து பத்து நாளுக்குள் தந்த ஒப்புதல் செல்லாது; நீதிபதி முன்னிலையில்தான் தர வேண்டும். கையெழுத்து ஆகும்வரை அது அந்தத் தாயுடைய குழந்தை. வீட்டிலிருக்கும் பிள்ளைகளிடமும் அப்படித்தான் சொல்ல வேண்டும்: "ஒரு பாப்பா வரலாம், வராமலும் போகலாம்."

விடுப்பில் பலர் இடறுகிறார்கள். எஃப்எம்எல்ஏ எனும் குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் தரும் 12 வாரச் சம்பளமில்லா விடுப்பு ஃபாஸ்டருக்கும் உண்டு, தத்துக்கும் உண்டு. ஆனால் 12 மாதங்களுக்கு எல்லாம் சேர்த்தே 12 வாரம்தான். மார்ச்சில் வந்த ஃபாஸ்டர் குழந்தைக்கு ஐந்து வாரம் எடுத்திருந்தால், செப்டம்பரில் பிறக்கும் குழந்தைக்கு ஏழுதான் மிச்சம். கணவன் மனைவி ஒரே கம்பெனியில் வேலை பார்த்தால் இதற்காக இருவருக்கும் சேர்த்தே 12 வாரம்.

தத்தெடுப்புச் செலவுக்கான வரிச் சலுகை 2025-க்கு ஒரு குழந்தைக்கு 17,280 டாலர் வரை. அதில் 5,000 வரை வரி இல்லாவிட்டாலும் திரும்பக் கிடைக்கும். வருமானம் 2,59,190 டாலரைத் தாண்டினால் குறையத் தொடங்கும், 2,99,190-இல் பூஜ்யம். பொருத்தம் முறிந்து போன செலவையும் காட்டலாம், ஆனால் உள்நாட்டில் அதற்குப்பின் நடந்த தத்தெடுப்போடு சேர்த்து ஒரே முயற்சியாகத்தான் கணக்கு, வரம்பு இரட்டிப்பாகாது. ஃபாஸ்டர் பராமரிப்புத் தொகையை ஹோம் ஸ்டடியின் வருமானப் பக்கத்தில் தனி வரியாகக் காட்டுங்கள். அது அந்தக் குழந்தையின் செலவுக்கு வருவது. தத்துக் கட்டணத்துக்கு அதைத் தொடக் கூடாது.

கம்பெனி மருத்துவக் காப்பீட்டில் சேர்க்க, தத்துக்காகக் குழந்தை கைக்கு வந்த நாளிலிருந்து குறைந்தது 30 நாள் அவகாசம் உண்டு. நீதிமன்ற ஆணைக்காகக் காத்திருந்தால் அது போய்விடும். ஆணை வந்ததும் நகல் ஒன்றை ஃபாஸ்டர் ஏஜென்சிக்கு அனுப்பி, லைசென்ஸில் உள்ள எண்ணிக்கையைத் திருத்தச் சொல்லுங்கள். சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் தீ விபத்து வெளியேறும் திட்டத்திலும் தொட்டில் எந்த அறையில் இருக்கிறது என்று வரைந்துவிடுங்கள். அடுத்த முறை சோதனைக்கு வருபவர் அங்கேதான் முதலில் பார்ப்பார்.